புளியங்கொட்டைப் பட்டாளம்

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் நண்பர்கள் சிலர், எந்த மகானுடைய திருவடி இங்கே பட்டதோ என்று கைகூப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய பக்தியைக் கெடுக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் சரித்திர உபாத்தியாயர் என்ற பொறுப்பு ஒன்று இருக்கிறதே! ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர், நெசவாளிகளைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. காலட் பேட்டை என்பது நம்மவர் நாவில் உருண்டு திரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. காஞ்சி வரதரைத் தினந்தோறும் சேவிக்காமல் வேலைக்கு வராத ஓர் உத்தியோகஸ்தருக்காகக் காலட் துரையே இங்கே கல்யாண வரதராஜப் பெருமாளுக்குக் கோயில் எடுப்பித்தார் என்று ஊரார் ஒரு கதையும் சொல்லுகிறார்கள்.

அந்தத் துரையை இன்றும் நேரில் பார்க்கலாம் என்றால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். லண்டன் மாநகரத்துத் தேசிய உருவப்படக் காட்சிசாலையில் அவர் ஒரு மண் பொம்மையாக நின்றுகொண்டிருக்கிறார்! 1716 ஆம் ஆண்டில் அமாய் சின்குவா என்ற சீனக் கலைஞர் வனைந்து வர்ணம் தீட்டிய பொம்மை அது. உயரம் 33 அங்குலம். இங்கிலாந்தில் இருந்த தம் மகளுக்குத் தம் சாயலைக் காட்டுவதற்காகக் காலட் அதை அனுப்பிவைத்தார். பொய்த் தலைமயிரும் நீண்ட அங்கியுமாக அவர் நிற்கும் நிலையைப் படத்தில் பார்த்தபோது நமக்கு முதலில் தோன்றியது, "இவரைக் கொலுவில் வைத்தால் எந்தப் படியில் வைப்பது?" என்பதுதான். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரையில் சொல்லப் போகிற விளையாட்டு.

ஒரு விடைத்தாள்

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பாடம் சொல்லும் பள்ளியில் ஒரு பரீட்சை நடந்தது. "கர்நாடக யுத்தங்களில் நம் நாட்டு அரசர்கள் தோற்றதற்குக் காரணங்கள் யாவை?" என்று கேட்டிருந்தோம். ஐந்து மதிப்பெண் கேள்வி. பெரும்பாலான மாணாக்கர் புத்தகத்தில் உள்ள காரணங்களை வரிசை பிசகாமல் ஒப்பித்திருந்தார்கள். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் மட்டும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தான்: "அவர்கள் தோற்பதாக இருந்தது, ஆகையால் தோற்றார்கள்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில், மற்றவர்கள் ஐந்து காரணங்களாக எழுதியிருந்ததும் இதையேதான் என்பது விளங்கிற்று. முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்ட புத்தகத்தைப் படிக்கும் குழந்தைக்கு, முடிவு வேறு விதமாக ஆகியிருக்கக்கூடும் என்ற எண்ணம் எப்படி உண்டாகும்? தோற்றவன் தோற்கவே பிறந்தவன், ஜெயித்தவன் ஜெயிக்கவே பிறந்தவன் என்று நினைப்பு வேரூன்றிவிடுகிறது. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், "வெள்ளைக்காரன் மூளையே தனி" என்ற பேச்சைத் தேநீர்க் கடைகளில் கேட்கிறோம் அல்லவா? அந்தப் பேச்சுக்கு விதை சரித்திர வகுப்பில்தான் விழுகிறது என்றால், அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

பையனைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் பதில் சொல்லும் வழியைத் தேடினோம்.

பொம்மையும் போரும்

உலகத்தைச் சிறிதாக்கி வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவருக்குப் புதிதன்று. நவராத்திரி வந்தால் பண்ருட்டி மண் பொம்மைகளும் மரப்பாச்சிகளும் படிகளில் ஏறுகின்றன. படிகளுக்குக் கீழே தரையில் பிள்ளைகள் மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டால் குளம் வெட்டி ஒரு கிராமத்தையே சிருஷ்டித்துவிடுகிறார்கள். யுத்தத்தைச் சிறிதாக்கும் வித்தையும் இங்கே பழையதுதான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைச் சேனையையும் ஒரு பலகையில் நிறுத்திய சதுரங்கம் பாரத நாட்டிலிருந்துதான் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவிற்று. மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளையும் மோதவிடும் நம் ஆடுபுலி ஆட்டத்தில், இரு கட்சிக்கும் பலமும் வேறு, நோக்கமும் வேறு. மெய்யான யுத்தங்களும் அப்படிப்பட்டவையே.

ஐரோப்பியர் இதை மேலும் ஒரு படி கொண்டு போனார்கள். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் யுத்த விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார்கள். மகன் 1824ல் அதைச் செம்மைப்படுத்திச் சேனாதிபதிகளுக்கு ஆடிக் காட்டினார். கட்டங்களுக்குப் பதிலாக மெய்யான தேசப்படம். குண்டு பட்டதா இல்லையா என்பதற்குப் பகடை. இரு கட்சிக்கும் நடுவில் ஒரு மத்தியஸ்தர். விளையாட்டுதானே என்று அசட்டையாகப் பார்க்க வந்த சேனைத் தலைவர் மியூஃப்ளிங், இது போர்ப் பயிற்சியே என்று சொல்லி எழுந்தாராம்.

1942ல் லிவர்பூல் நகரத்தில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒரு பெரிய அறையின் தரையையே அட்லாண்டிக் சமுத்திரமாக்கினார். கடற்படையில் சேர்ந்திருந்த இளம் பெண்கள் தரையில் சாக்கட்டியால் கப்பல்களின் வழியை வரைந்து நகர்த்தினார்கள். பயிற்சிக்கு வந்த கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, சிறு துவாரத்தின் வழியாகவே பார்க்க வேண்டும். கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அங்கும் தெரியும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில் பின்புறமாக வந்து கப்பல் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து தாக்குகின்றன என்ற மர்மம் அந்தத் தரையில்தான் வெளிப்பட்டது.

இத்தகைய ஆட்டத்தைப் படைத்தலைவர்களிடமிருந்து வாங்கிச் சாதாரணக் குடும்பங்களின் கூடத்தில் வைத்தவர்களுள் முக்கியமானவர் எச். ஜி. வெல்ஸ் என்ற நாவலாசிரியர். தகரச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி ஆடும் முறையை 1913ல் "சின்ன யுத்தங்கள்" என்று பொருள்படும் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். பெரிய யுத்தம் எவ்வளவு மடத்தனமானது என்பது சின்ன யுத்தத்தை ஆடிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவருடைய வாதம். உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே மகாயுத்தம் மூண்டது. 1914 செப்டம்பர் 22 ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. பட்டணத்தார் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். "அவன் பெரிய எம்டன்" என்ற வசனம் மட்டும் இன்றுவரை நம் பேச்சில் தங்கிவிட்டது.

பத்தாயிரம் பேர் ஏன் ஓடினார்கள்?

தகரச் சிப்பாய் வாங்க நமக்கு வசதி ஏது? சமையலறைப் புளி ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருந்தது. ஒரு கொட்டை நூறு வீரர் என்று வைத்துக்கொண்டோம். தாயக்கட்டத்துக்குச் செய்வது போல, ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு உரிய கொட்டைகளைக் கல்லில் உரசி வெள்ளையாக்கினோம். நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு உரிய கொட்டைகளை உரசவில்லை. பகடைக்குப் பதில் சோழி.

முதலில் எடுத்துக்கொண்டது 1746ல் நடந்த அடையாற்று யுத்தம். பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். அதை மீட்க ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் தம் மகன் மாபூஸ்கானை ஏறக்குறையப் பத்தாயிரம் பேருடன் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பாரடி என்ற தளபதி ஏறக்குறைய 230 ஐரோப்பியருடனும் 700 சிப்பாய்களுடனும் வந்தார். அடையாற்றின் அக்கரையில் நவாபின் சேனை, இக்கரையில் பாரடி. அவர் ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒரே வீச்சாகச் சுட்டு, துப்பாக்கிச் சனியன்களை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். பத்தாயிரம் பேர் சாந்தோம் வழியாக ஓடினார்கள்.

தரையில் ஒரு பக்கம் நூறு கொட்டை, எதிரே ஒன்பதரை. பையன்கள் சிரித்தார்கள். இரண்டு நாட்களுக்கு முன் கோட்டைக்கு வெளியே நடந்த சிறு கைகலப்பில் நவாபின் குதிரை வீரர்கள் எதைக் கண்டு கலங்கினார்கள் என்பதை ராபர்ட் ஓர்ம் என்ற சரித்திராசிரியர் எழுதிவைத்திருக்கிறார். கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் பீரங்கி சுட்டாலே கெட்டிக்காரத்தனம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்களாம். பிரெஞ்சுப் பீரங்கியோ நிமிஷத்துக்கு ஐந்தாறு முறை சுட்டது! இதை ஆட்டத்தின் விதியாகவே வைத்தோம். நவாபின் கட்சி சோழியை ஒரு முறை உருட்டும் நேரத்தில் பிரெஞ்சுக் கட்சி ஐந்து முறை உருட்டலாம். அவ்வளவுதான், கூடத்தில் சிரிப்பு அடங்கிற்று. நூறு கொட்டைகள் கண்ணெதிரே கரைந்தன. இது வீரக் குறைவு அன்று, சாதிக் குறைவு அன்று, பழக்கத்தில் இருந்த ஒரு வித்தியாசம் என்பதைச் சொல்லாமலே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. நம் விடைத்தாள் வீரன் மாபூஸ்கானாக இரண்டாம் ஆட்டம் ஆடினான். அவன் ஆற்றங்கரையில் அணிவகுத்து நிற்கவே இல்லை. குதிரைகளை நாலா பக்கமும் சிதறவிட்டுப் புதுச்சேரிச் சாலையை மறித்தான். "அவங்க சுட்டா நான் அங்க இருக்க மாட்டேன் சார். அவங்களுக்குச் சோறு எப்படி வரும்னு பாக்கறேன்" என்றான். ஒன்பதரைக் கொட்டைகளும் பட்டினியால் திண்டாடின!

"தம்பி, முப்பத்துநான்கு வருஷம் கழித்து ஒருவர் இதைத்தான் செய்தார்" என்றோம்.

ஆறு செய்த வேலை

1780 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹைதர் அலி ஏறக்குறைய எண்பதாயிரம் பேருடன் மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கினார். எண்ணூறு புளியங்கொட்டை! நம் வீட்டம்மாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "சண்டை முடிந்ததும் எண்ணிக் கொடுங்கள்" என்று உத்தரவிட்டார்.

கும்பினியின் படை இரண்டாகப் பிரிந்திருந்தது. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஏறக்குறைய 2,800 பேருடன் தெற்கே வந்துகொண்டிருந்தார். பரங்கிமலையில் சர் ஹெக்டர் மன்றோ ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுடன் இருந்தார். தீவுத்திடலுக்கு அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ இவர் அல்லர். அவர் அப்போது இந்தப் படையில் ஓர் இளைஞர். ஹெக்டர் மன்றோ 1764ல் பக்ஸாரில் ஜெயித்த பெயர் பெற்ற சேனாதிபதி. இரு படைகளும் சென்னையில் சேர்ந்திருக்கலாம். மன்றோ காஞ்சிபுரத்தில் சேருவோம் என்று தீர்மானித்தார்.

ஆகஸ்ட் 25 ஆம் தேதி பெய்லி கொற்றலையாற்றின் வட கரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் சொற்பம். ஆட்கள் களைத்திருந்தார்கள். காலையில் கடப்போம் என்று வட கரையிலேயே கூடாரம் அடித்தார். அன்று இரவு மேற்கே பெய்த மழையால் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரம் வரை படை நகர முடியவில்லை.

இந்தக் கொற்றலையாறு எது தெரியுமா? கொசஸ்தலையாறு என்று நாம் சொல்லும் நதிதான். சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1944ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டதும் இதன்மேல்தான். அது கடலில் கலக்கும் இடம் நம் எண்ணூர். நம் மாணாக்கர் அதைச் சாம்பல் படிந்த ஓடையாக அறிவார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்துப்போன ஆறாக அறிவார்கள். அது ஒரு சேனையைத் தடுத்து நிறுத்திய ஆறு என்று எந்தப் பாடப் புத்தகமும் அவர்களுக்குச் சொன்னதில்லை. விடைத்தாள் பையன் தரையில் விரித்திருந்த நீலச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "எங்க ஆறா சார்?" என்று கேட்டான். அவன் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

வெள்ளத்தை மத்தியஸ்தரின் இரகசிய விதியாக வைத்தோம். ஒவ்வொரு இரவும் நாமே மறைவில் சோழி உருட்டுவோம். இத்தனை சோழி நிமிர்ந்தால் வெள்ளம். பெய்லியாக ஆடிய மாணவனுக்கு இது தெரியாது. அவனும் ஆற்றங்கரைக்கு மாலையில் வந்து சேர்ந்து, "இன்னிக்கு இங்கேயே தங்கறோம் சார். ஆளுங்க பாவம்" என்றான். வெள்ளம் வந்தது என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டான். பெய்லி முட்டாள் என்று இனி அவன் எந்த விடைத்தாளிலும் எழுத மாட்டான்!

மன்றோவை ஆடிய பெண்ணை அடுத்த அறையில் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தோம். செப்டம்பர் 6 ஆம் தேதி திப்பு ஏறக்குறைய பத்தாயிரம் பேருடன் பெரம்பாக்கத்தில் பெய்லியைத் தாக்கினார். அங்கிருந்து காஞ்சிக்கு 14 மைல் போல. மன்றோவின் காதில் பீரங்கிச் சத்தம் விழுந்தது. ஆகையால் நாமும் ஒரு தாம்பாளத்தைத் தட்டினோம். அந்தப் பெண் கதவிடுக்கில் தலையை நீட்டி, "யாரு அடிக்கறா? நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்றாள். பதில் கிடையாது. காஞ்சியில் சேர்த்திருக்கும் அரிசி மூட்டைகளை விட்டுவிட்டுப் போவதா? போகிற வழியில் ஹைதர் மறித்துக்கொண்டால்? கால் மணி நேரம் யோசித்துவிட்டு, பத்துக் கொட்டைகளை மட்டும் அனுப்பினாள். மெய்யான மன்றோவும் கர்னல் பிளெட்சருடன் ஏறக்குறைய ஆயிரம் பேரைத்தான் அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரின் ஒற்றர்களாயிருக்கக்கூடும் என்று பிளெட்சர் சந்தேகித்து வேறு பாதையில் போனதால்தான் பெய்லியிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்.

செப்டம்பர் 9 ஆம் தேதி இரவு பெய்லி காஞ்சியை நோக்கிப் புறப்பட்டார். பாதி வழியில் விடியட்டும் என்று நின்றுவிட்டார். அதே இரவில் ஹைதர், மன்றோவுக்குத் தெரியாமல் தம் பெருஞ்சேனையை நகர்த்திக்கொண்டு போய்த் திப்புவோடு சேர்ந்தார். விடிந்தபோது புள்ளலூர்ச் சமவெளியில் பெய்லியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மைசூர்ப் படை. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட படை அன்று காலையிலேயே அழிந்தது. பெய்லி சிறைப்பட்டு, 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். பக்ஸார் வீரர் மன்றோ, தூக்க முடியாத பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார்.

திப்பு இந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய சித்திரமாகத் தீட்டச் செய்தார். பல்லக்கில் சாய்ந்தபடி பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருப்பதை இன்றும் அங்கே பார்க்கலாம்.

நாம் இந்த ஆட்டத்தைப் பல முறை ஆடியிருக்கிறோம். ஒரு முறை பெய்லி இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து மன்றோவைச் சேர்ந்துவிட்டான். ஒரு முறை மன்றோ அரிசியைக் கைவிட்டு வந்து திப்புவையே மடக்கிவிட்டாள். ஒரு முறை ஹைதர் அவசரப்பட்டுக் கெட்டான். தோற்பதாக இருந்தவர் என்று அந்தத் தரையில் ஒருவரும் இல்லை. அடையாற்றில் ஓடிய நாட்டார், புள்ளலூரில் நின்று ஜெயித்தார்கள். நடுவில் கழிந்தது முப்பத்துநான்கு ஆண்டு. கற்றுக்கொள்கிறவன் ஜெயிக்கிறான், அசட்டையாயிருப்பவன் தோற்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆறு இஷ்டப்படி ஓடுகிறது.

"நம்ம கட்சி எது, சார்?"

இவ்வளவோடு கட்டுரையை முடித்துவிட்டால் நமக்கும் திருப்தி, நேயர்களுக்கும் திருப்தி. ஆனால் விளையாட்டு அங்கே நிற்கவில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து கொட்டைகளைப் பொறுக்கும்போது, மன்றோவாக ஆடிய பெண் பெய்லியின் கொட்டைகளைத் தனியே அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டில் வெள்ளைக் கொட்டை ஐந்தே ஐந்து. மிச்சமெல்லாம் பழுப்பு. திப்புவின் குவியலும் பழுப்பு. இரண்டையும் பார்த்துவிட்டு, "நம்ம கட்சி எது, சார்?" என்று கேட்டாள்.

உபாத்தியாயர் என்பவர் இத்தகைய கேள்விகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். நாம் இல்லை. கும்பினியின் சம்பளத்துக்காகப் புள்ளலூரில் விழுந்த சிப்பாய் தமிழனும் தெலுங்கனுமே. அவனைச் சுட்டவனும் பக்கத்துச் சீமைக்காரன். ஹைதரின் பக்கம் நம் பக்கம் என்று சொல்லிவிடலாமா என்றால், அவருடைய குதிரைப்படை கும்பினிக்கு உணவு கிடைக்கக்கூடாது என்று சென்னையைச் சுற்றிலும் இருந்த ஊர்களைப் பாழ்படுத்தியது. நாம் விழித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அந்தப் பெண் தன் வீட்டுக் கொலுப் பெட்டியிலிருந்து இரண்டு பொம்மைகளை எடுத்துவந்தாள். அரிசி பருப்பைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும். அவர்களைத் தேசப்படத்தில் பெயர் எழுதாத ஓர் இடத்தில், ஆற்றுக்கும் காஞ்சிக்கும் நடுவே உட்காரவைத்தாள். "பட்டாளம் இவங்க மேலதானே சார் நடக்குது? இவங்க எங்க போவாங்க?" என்றாள்.

அன்று முதல் நம் ஆட்டத்தில் ஒரு புதிய விதி. வழியிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கைப்பிடி அரிசி வைக்கிறோம். எந்தப் படை எங்கே இரவு தங்கினாலும், அந்த ஊர்க் குவியலிலிருந்து அள்ளிக்கொள்ள வேண்டும். ஆட்ட முடிவில் கொட்டைகளை எண்ணுவதோடு அரிசியையும் பார்க்கிறோம். பெய்லி ஜெயித்தாலும், திப்பு ஜெயித்தாலும், அரிசி மட்டும் எஞ்சியிருப்பதில்லை.

மெய்யாகவும் அப்படித்தான் ஆயிற்று. யுத்தத்தைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. சோறு தேடி ஜனங்கள் சென்னைக்கு வந்து விழுந்தார்கள். 1782ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய தர்மமே ராயபுரத்துப் பக்கத்தில் மணியக்காரர் சத்திரம் என்று நிலைத்தது. அதையொட்டி வளர்ந்த வைத்தியசாலைதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. நம் பகுதிப் பாட்டிமார் அதை இன்னும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே சொல்லுகிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள்! எண்ணூர் ஆற்றில் தொடங்கிய ஆட்டம் ராயபுரத்துக் கஞ்சித் தொட்டியில் வந்து முடிந்ததைக் கண்டு அவர்கள் வாயடைத்துப்போனார்கள். நாமும்தான்.

புள்ளலூரில் ஆங்கில அதிகாரிகள் இருவருக்குக் கட்டிய நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அரிசி பறிகொடுத்த ஊர்களுக்குத் தூண் கிடையாது. நம் கொலுச் செட்டியாரும் செட்டிச்சியும் இப்போதைக்கு அந்தக் குறையைத் தீர்த்துவருகிறார்கள்.

வீட்டில் ஆட விரும்புவோருக்கு

விடுமுறை நாட்களில் குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோருக்கு இந்த விளையாட்டைச் சிபாரிசு செய்கிறோம். பெரிய செலவு இல்லை. பத்தடிக்குப் பத்தடிக் கூடம் போதும். ஓர் அடி இரண்டு மைல் என்று வைத்துக்கொண்டால் எண்ணூறு கொட்டையும் அடங்கும். ஆற்றுக்கு நீலச் சேலை, மலைக்குத் தலையணை, கோட்டைக்குத் தீப்பெட்டி. கை வருகிற பிள்ளைகள் களிமண்ணில் பொம்மை பிடித்து வர்ணம் தீட்டட்டும். எந்தப் படை எந்த உடை உடுத்தது என்று தேடும்போதே பாதிச் சரித்திரம் தெரிந்துவிடும்.

மூன்று விஷயங்களை மட்டும் மறக்கவேண்டாம். முதலாவது, பெரியவர் ஒருவர் மத்தியஸ்தராக இருந்து, ஒரு கட்சிக்குத் தெரிந்தது மறு கட்சிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒரு முறை ஆடியவர் மறு முறை எதிர்க்கட்சியாக ஆட வேண்டும். மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஆடிக் களைத்த குழந்தை, "மெய்யா என்ன நடந்துச்சு?" என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி வராத ஆட்டம் வெறும் பொழுதுபோக்குத்தான். 1746 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. அந்த யுத்தங்களின் காலத்திலேயே புதுச்சேரியில் இருந்துகொண்டு ஒரு தமிழர் தமிழில் எழுதியது. ஆயுதங்களையும் உடைகளையும் பார்க்கக் கோட்டைக்குள்ளே காட்சிசாலை இருக்கிறது. காலடிப்பேட்டை வாசிகளுக்கு இப்போது மெட்ரோ ரயிலும் இருப்பதால், போய்வருவது பெரிய யாத்திரை அன்று.

நம் விடைத்தாள் வீரனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நேயர்கள் கோபிப்பார்கள். அடுத்த பரீட்சையில், "புள்ளலூரில் பெய்லியின் தோல்விக்குக் காரணங்கள் தருக" என்று கேட்டோம். அவன் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். மன்றோ காஞ்சியைத் தேர்ந்தது, வட கரையில் தங்கியது, இரவில் நின்றது, ஹைதர் சத்தமில்லாமல் நகர்ந்தது என்று நான்கு காரணங்கள். கடைசியில் இரண்டு வரி: "பெய்லி அன்றைக்கே எங்கள் ஆற்றைத் தாண்டியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் ஊர்க்காரர் அரிசி எப்படியும் போயிருக்கும்."

விடைக் குறிப்பில் அந்த இரண்டு வரிக்கு இடமில்லை. நாம் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டோம். யாராவது கேட்டால், புளியங்கொட்டைகளைக் காட்டிப் பதில் சொல்லத் தயாராயிருக்கிறோம்.